தூங்குகிற பிள்ளையின் மூச்சைக் கேள்

தங்கச்சி, இன்றைக்கு ராத்திரி பிள்ளை நன்றாகத் தூங்கிய பிறகு ஃபேனை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கேள். உள்ளே இழுக்கும்போது ‘கீ’ என்று சத்தம் வந்தால் தடை குரல்வளைப் பக்கம். வெளியே விடும்போது விசில் அடித்தால் நெஞ்சுக்குள் ஓடும் குழாய்களில். குறட்டை என்றால் மூக்குக்குப் பின்னால், டான்சில் இருக்கிற பக்கம். நம் வீடுகளில் மூன்றுக்கும் ஒரே பெயர்தான்: ‘சளி கட்டியிருக்கு.’ அந்தப் பெயரை நம்பி மாதக்கணக்கில் இருமல் சிரப் குடிக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர்.

டாக்டர் அறைக்குள் போனதும் சத்தம் நின்றுவிடும். இல்லையென்றால் பிள்ளை வீறிட்டு அழுது எல்லாவற்றையும் மறைத்துவிடும். அதனால் வீட்டிலேயே செல்போனில் ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து வை. சட்டையைக் கழற்றி, கழுத்திலிருந்து வயிறு வரை தெரிகிற மாதிரி எடு. கழுத்துக் குழியிலும் விலாவுக்கு நடுவிலும் உள்ளே இழுக்கிறதா என்பது அதில் தெரியும். நீ பத்து நிமிஷம் விளக்கிச் சொல்வதைவிட அது டாக்டருக்கு உதவும்.

பிறந்த சில வாரங்களில் தொடங்கி, மல்லாந்து படுக்கும்போதும் அழும்போதும் பால் குடிக்கும்போதும் கூடுகிற ‘கீ’ சத்தம் பெரும்பாலும் லாரிங்கோமலேசியா. குரல்வளையின் மேல்பகுதி இன்னும் உறுதிப்படாமல், மூச்சை இழுக்கும்போது உள்பக்கம் சரிந்துகொள்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றரை, இரண்டு வயதுக்குள் தானாகவே சரியாகிவிடும். ஆனால் அதுதான் என்பதை காது மூக்கு தொண்டை டாக்டர் மெல்லிய ஸ்கோப் விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை நீ பார்க்க வேண்டியது எடையை. சத்தம் பெரிதாக இருந்தும் எடை சரியாக ஏறினால் ஓரளவு நிம்மதியாக இரு. எடை ஏறவில்லை, பாலை நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கிக் குடிக்கிறது, உதடு நீலமாகிறது என்றால் அன்றைக்கே ஓடு. குப்புறப் போட்டால் சத்தம் குறைகிறதே என்று தூக்கத்தில் அப்படிப் படுக்க வைத்துவிடாதே. டாக்டரே வேறு மாதிரி சொன்னாலொழிய, தூக்கம் மல்லாந்துதான்.

கைக்குழந்தைக்கு மூக்கடைத்தால் பாலும் குடிக்க முடியாது, தூக்கமும் வராது. அந்த வயதில் மூச்சு பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான். மெடிக்கலில் 0.65 சதவீத உப்புத் தண்ணீர் சொட்டு மருந்து கிடைக்கும். பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒவ்வொரு துளையிலும் ஓரிரு சொட்டு விட்டால் போதும். பெரியவர்களுக்கு வாங்கி வைத்த மூக்கடைப்புச் சொட்டு மருந்தைத் தொடாதே.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். தலைக்கு ஊற்றும்போது மூக்கில் எண்ணெய் விடுவது, வாய் வைத்து ஊதிச் சளி எடுப்பது, ஈரத்தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது, நெஞ்சில் கற்பூரம் குழைத்துத் தேய்ப்பது: நான்கும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் பிள்ளையால் இருமி வெளியே தள்ள முடியாது. அங்கேயே தங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். கற்பூரம் உடம்புக்குள் போனால் வலிப்பு வரலாம். உன் மாமியார் பாசத்தில்தான் செய்கிறார், அவரோடு மல்லுக்கு நிற்காதே. அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வாயாலேயே கேட்க வை. கை கால் நீவி விட்டுக் குளிப்பாட்டுகிற உரிமை அவருக்கே இருக்கட்டும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம் வேர்க்கடலைதான். ஒன்றிலிருந்து மூன்று வயது வரை பிள்ளைக்குக் கடிக்க முன்பல் இருக்கும், அரைக்கக் கடைவாய்ப் பல் முழுசாக இருக்காது. வாயில் கடலையோடு சிரிக்கும், ஓடும், அழும். ஒரு மூச்சு ஆழமாக இழுத்தால் போதும், அது உணவுக்குழாயை விட்டு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் டாக்டர் செவாலியர் ஜாக்சன் இப்படி உள்ளே போனவற்றைக் குழாய் விட்டு எடுத்து, 2,000-க்கு மேல் சேர்த்து வைத்தார். இன்றும் அங்கே மியூட்டர் மியூசியத்தில் இழுப்பறை இழுப்பறையாக இருக்கின்றன. குண்டூசி, ஊக்கு, பட்டன் என்று போகிற அந்த வரிசையில் நம் ஊர்ப் பங்குக்கு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை, சப்போட்டா விதையைச் சேர்த்துக்கொள்.

இதில் ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. முதலில் புரையேறி மூச்சு முட்ட இருமும். கொஞ்ச நேரத்தில் இருமல் அடங்கி, பிள்ளை பழையபடி விளையாடப் போய்விடும். ‘கீழே இறங்கிடுச்சு’ என்று நாமும் விட்டுவிடுவோம். கடலை அப்போது வலது பக்கக் குழாயில் போய் உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பக்கம் அகலமாகவும் நேராகவும் இருப்பதால் பெரும்பாலும் அங்கேதான் போகும். சில நாள் கழித்து ஒரு பக்கம் மட்டும் வீசிங், திரும்பத் திரும்ப அதே இடத்தில் நிமோனியா. கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. படம் சுத்தமாகவே வரலாம். ஆகவே ‘கடலை தின்னும்போது திடீரென்று புரையேறியது’ என்கிற ஒரு வாக்கியத்தை நீயே சொல்ல வேண்டும், டாக்டர் கேட்காவிட்டாலும். அந்த வார்த்தையை வைத்துத்தான் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பிக்கு முடிவெடுப்பார்கள்.

அடைத்துக்கொண்ட அந்த நொடியில் என்ன செய்வது? பிள்ளை பலமாக இருமினால், அழுதால், முதுகில் அடிக்காதே. இருமலே நல்ல மருந்து. சத்தமே வரவில்லை, நீலம் பாய்கிறது என்றால் ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும், நீ தொடங்கு. ஒரு வயதுக்குக் கீழ் என்றால் தலை தாழ்ந்திருக்க முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. புரட்டிப் போட்டு நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 அழுத்து. வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய். ஒரு வயது தாண்டியிருந்தால் முன்பக்கம் சாய்த்து முதுகில் 5 தட்டு. பிறகு பின்னால் இருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக 5 இழுப்பு. நினைவு தப்பினால் நெஞ்சை அழுத்தி சிபிஆர் தொடங்கு. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடாதே. கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவினால் அது இன்னும் ஆழமாக உள்ளே போய்விடும். இதைப் படித்தால் மட்டும் கை பழகாது. ஒரு பொம்மையை வைத்து வீட்டில் எல்லோரும் செய்து பாருங்கள், தாத்தாவும் கூட. ஐந்து வயது வரை முழுக் கடலை கொடுக்காதே, பொடித்துக் கொடு. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கு.

ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி ஒழுகினால் அது ஜலதோஷம் இல்லை. பெரும்பாலும் ஏதோ உள்ளே இருக்கிறது. பொம்மையின் பட்டன் பேட்டரி என்றால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதை வெந்துபோகும். சொட்டு மருந்து விடாமல், தண்ணீர் ஊற்றாமல், நேரே எமர்ஜென்சிக்குப் போ.

இனி குறட்டை. சளி பிடித்த வாரத்தில் குறட்டை விட்டால் பரவாயில்லை. சளி இல்லாமலே வாரத்தில் மூன்று ராத்திரிக்கு மேல் குறட்டை, வாயைத் திறந்து தூக்கம், கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுப்பது, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பது, நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி வருவது என்றால் அடினாய்டைப் பார்க்கச் சொல். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சதை மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள் பெரிதாக இருந்து, வளர வளரச் சுருங்கும். தூக்கம் கெட்ட பெரியவர்கள் பகலில் சோர்ந்து விழுவார்கள். பிள்ளைகளோ துள்ளும், கவனம் நிற்காது, டீச்சர் குறை சொல்வார். அதற்காக அடி வாங்குகிற பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. காதுக்குப் போகும் குழாயும் அடைந்து நீர் கட்டும்; டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்லும், கூப்பிட்டால் திரும்பாது. வலி இருக்காது என்பதால் நமக்குத் தெரியாது. காதுக்குள் நீர் கட்டியிருக்கிறதா என்று பார்க்க டிம்பனோமெட்ரி என்கிற வலியில்லாத சோதனை இருக்கிறது, கேட்டு வாங்கு.

முதலில் பெரும்பாலும் மூக்கு ஸ்ப்ரேதான் எழுதித் தருவார்கள். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை என்று பிடித்தால் மருந்து நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கம் போகும். ரத்தம் கசிவதும் குறையும். அதில் சரியாகாமல் அடினாய்டையும் டான்சிலையும் எடுக்கச் சொன்னால், எதிர்ப்பு சக்தி போய்விடும் என்று பயந்து தள்ளிப்போடாதே. அந்த வேலையைச் செய்ய உடம்பில் வேறு இடங்கள் நிறைய உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு வலி மருந்தை நேரம் தவறாமல் கொடு, தண்ணீரை அடிக்கடி குடிக்க வை. தொண்டையில் வெள்ளையாகப் படிவது புண் ஆறுகிற படலம், சீழ் இல்லை. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை அது உதிரும்போது ரத்தம் வரலாம். துப்பலில் சிவப்பாகப் பார்த்தால் எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் ஊருக்கும் கல்யாணத்துக்கும் பஸ் ஏறாதே.