சிறுகதைகள் புத்தகமான கதை

கேள்வி: பத்திரிகைகளில் தனித்தனியாக வரும் சிறுகதைகளைச் சேர்த்துப் புத்தகமாகப் போடும் வழக்கம் தமிழில் எப்படி வந்தது?

பதில்: கதைகளைக் கொத்தாகப் படிப்பது நமக்குப் பழைய பழக்கம்தான். பஞ்சதந்திரம், விக்கிரமாதித்தன் கதை, பரமார்த்த குரு கதை எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அச்சேறிவிட்டன. ஆனால் அந்தக் கதைகளை ஒன்றாகக் கட்டிவைக்க ஒரு ராஜாவோ, வேதாளமோ, அசட்டுக் குருவோ தேவைப்பட்டார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத கதைகள், எழுதியவரின் பெயரை மட்டும் நம்பி ஒரே அட்டைக்குள் வருவது பிறகு வந்த வழக்கம்.

அதற்கு வழிகாட்டிய புத்தகம் வ.வே.சு. ஐயரின் ‘மங்கையர்க்கரசியின் காதல் முதலிய கதைகள்’. புதுச்சேரியில் அரசியல் அடைக்கலம் புகுந்திருந்த காலத்தில் எழுதியவை இவை. சோழர் காலத்துக் காதல் ஒரு கதை. முதல் உலகப் போர்க்காலத்துப் பிரெஞ்சுக்காரன் ஒருவனைப் பற்றி ஒரு கதை. ருக்மிணியின் துயரத்தை ஓர் அரசமரமே வாய்திறந்து சொல்லும் ‘குளத்தங்கரை அரசமரம்’ ஒரு கதை. ஒரு மனிதர் எத்தனை திசைகளில் பார்த்தார் என்பது அடுத்தடுத்துப் படிக்கும்போதுதான் தெரிகிறது. அரசமரத்தை மட்டும் பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்கு ஐயரைப் பாதிகூடத் தெரியாது என்பேன்.

அடுத்த பெரிய வீச்சு மணிக்கொடி. 1933-இல் தொடங்கிய அந்த வார இதழ், 1935-இல் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கென்றே மாதமிருமுறை வரலாயிற்று. பிச்சமூர்த்தி, கு.ப.ரா., புதுமைப்பித்தன், மௌனி எல்லாரும் அதில் எழுதினார்கள். ஆனால் இதழின் ஆயுள் குறைவு. பழைய தாள் எடைக்குப் போய்விட்டால் கதையும் அதோடு போயிற்று. 1940-இல் ‘புதுமைப்பித்தன் கதைகள்’, 1943-இல் ‘காஞ்சனை’ என்று புத்தகங்கள் வந்ததால்தான் அடுத்த தலைமுறையின் கைக்கு அவர் கிடைத்தார்.

கேள்வி: தொகுப்புக்கு அதிலுள்ள ஒரு கதையின் பெயரையே வைப்பது ஏன்?

பதில்: ஐயர் காலத்திலேயே வந்துவிட்ட வழக்கம் அது. ‘முதலிய கதைகள்’ என்ற வால் நாளடைவில் உதிர்ந்து, கதையின் பெயர் மட்டும் அட்டையில் நின்றது. வாசகர் இதழில் படித்து மறக்காத கதையின் பெயர் கண்ணில் பட்டால் புத்தகத்தைக் கையில் எடுப்பார். கி. ராஜநாராயணனின் ‘கதவு’ அப்படித்தான். தீர்வை பாக்கிக்காகக் கழற்றிக்கொண்டுபோன கதவைப் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கும் அந்தக் கதையைப் படித்தவர்கள், மிச்சக் கதைகளுக்காகவும் அந்தப் புத்தகத்தை வாங்கினார்கள்.

கேள்வி: சாகித்திய அகாதெமி விருது பெற்ற முதல் தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பு எது? வாசகர்கள் அதை இன்னும் படிக்கிறார்களா?

பதில்: கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’. 1970-ஆம் ஆண்டுக்கான விருது. அதே ஆண்டு ஜூலையில் அவர் காலமாகிவிட்டார். விருதை வாங்க அவர் இல்லை. அதற்குப் பிறகு தி. ஜானகிராமனின் ‘சக்தி வைத்தியம்’, ஆதவனின் ‘முதலில் இரவு வரும்’, அசோகமித்திரனின் ‘அப்பாவின் சிநேகிதர்’, நாஞ்சில் நாடனின் ‘சூடிய பூ சூடற்க’, வண்ணதாசனின் ‘ஒரு சிறு இசை’ என்று தொகுப்புகள் விருது பெற்றன.

‘அன்பளிப்பு’ தொகுப்பை இன்னும் படிக்கிறார்களா என்றால், படிக்கிறார்கள். படித்துவிட்டு அடுத்தவரைப் பிடித்துவைத்துச் சொல்லவும் செய்கிறார்கள். தலைப்புக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையில் வேலை பார்க்கும் ஒருவர், அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கிறார். அவருக்குப் பிரியமான இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் டைரி தருகிறார். அதிகம் பேசாத சாரங்கன் என்ற பையனுக்கு ஒன்றும் இல்லை. அவன் அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து, சாப்பிடக் கொடுத்து உபசரிக்கிறான். பிறகு தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, எழுதித் தரச் சொல்கிறான். என்ன எழுதுவது என்று அவர் கேட்க, அவர் தனக்கு அன்பளிப்பாகத் தந்ததாக எழுதும்படி அவனே வாசகம் சொல்கிறான். கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. பெரியவர் வருந்தினார் என்றோ, திருந்தினார் என்றோ ஒரு வார்த்தை கிடையாது. ஒரு குழந்தையைக் கவனிக்காமல் விட்ட கணக்கு நம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது; அழகிரிசாமி அதை நேராக எடுத்து நீட்டிவிடுகிறார். தமிழில் குழந்தையின் மனத்தை இவ்வளவு மரியாதையோடு எழுதியவர் வேறொருவர் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: ஓர் எழுத்தாளரின் எல்லாக் கதைகளையும் ஒரே தடித்த புத்தகமாகப் போடுகிறார்களே, அதை வாங்கலாமா?

பதில்: புதுமைப்பித்தன் கதைகளை ஆ. இரா. வேங்கடாசலபதி கால வரிசைப்படி, பாடவேறுபாடுகளோடு பதிப்பித்து 2000-இல் காலச்சுவடு வெளியிட்ட பிறகு, இந்த வகைக்குத் தனி மதிப்பு வந்தது. எந்தக் கதை எந்த இதழில் எப்போது வந்தது, நூலாகும்போது எந்தச் சொல் மாறியது என்பதெல்லாம் அதில் உண்டு. ஆய்வு செய்கிறவர்களுக்கும், ஏற்கெனவே மயங்கிப்போன வாசகர்களுக்கும் அது பொக்கிஷம். புதிதாகத் தொடங்குகிறவர்கள், எழுத்தாளர் உயிரோடிருந்தபோது வந்த சிறிய தொகுப்பு ஒன்றை முதலில் படியுங்கள். எந்தக் கதைக்குப் பக்கத்தில் எது இருக்க வேண்டும் என்ற அவருடைய யோசனை பெரும்பாலும் அதில்தான் இருக்கும். முன்னுரையைத் தாண்டிப் போகவும் வேண்டாம். ‘காஞ்சனை’க்குப் புதுமைப்பித்தன் எழுதிய ‘எச்சரிக்கை’யும், ஜெயகாந்தன் தம் தொகுப்புகளுக்கு எழுதிய முன்னுரைகளும் கதைகளுக்கு இணையாகப் படிக்கப்பட்டவை.