ஒளித்து வைக்கும் பணமும் ஒளிக்கக் கூடாத விவரமும்



ரொக்கப் பணம் சிறிதேனும் இல்லாத வீடு இல்லை. மஹர் பணம், சிறுவாட்டுப் பணம், மகளின் நிக்காஹுக்காகச் சேர்க்கும் பணம், அயல்நாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய பணம், நம்மை நம்பிப் பிறர் கொடுத்து வைத்த பணம் என்று ஏதோ ஒன்று எல்லோர் வீட்டிலும் இருக்கத்தான் செய்கிறது. திருடனுக்கு அஞ்சி அதனை ஓரிடத்தில் ஒளித்தும் வைக்கிறோம். இப்படி ஒளித்து வைப்பதற்கும் மார்க்கச் சட்டங்கள் உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவற்றைச் சொல்லுமுன் நம் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

2015-ஆம் ஆண்டு. நாம் ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலில் இமாமாகப் பொறுப்பேற்ற புதிது. அவ்வூரில் மளிகைக் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் திடீரென வபாத்தானார். முதல் வரிசைத் தொழுகையைத் தவறவிடாதவர், நாணயமானவர். மூன்றாம் நாள் அவர் வீட்டில் நாம் இருந்தபோது, பக்கத்துத் தெருவைச் சேர்ந்த விதவைப் பெண்மணி ஒருவர் வந்து வாசற்படியோரம் நின்றார்.

“ஹஜரத், மவ நிக்காஹுக்குன்னு நாப்பதாயிரம் ரூவா சேத்து அவுங்ககிட்ட குடுத்து வச்சிருந்தேன். எங்க வச்சிருக்காங்கன்னு புள்ளைங்ககிட்ட கொஞ்சம் கேளுங்க” என்றார்.

பிள்ளைகள் பீரோவைத் துழாவினார்கள். கல்லாப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார்கள். ஒன்றும் இல்லை. சாட்சி உண்டா என்று நாம் கேட்டோம். அவர் இல்லை என்றார். ஆதாரமின்றி வாரிசுகளைக் கட்டாயப்படுத்த இயலாது என்று நாம்தான் சட்டம் சொன்னோம். அந்தப் பெண்மணி முக்காட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

2018-இல் அவ்வீட்டை இடித்துப் பழுது பார்த்தபோது, பரண்மேல் பழைய அண்டாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே 500 ரூபாய்த் தாள்கள் 80. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அதில் அந்தப் பெண்மணியின் பெயரும் தொகையும் பெரியவரின் கையெழுத்திலேயே இருந்தன. ஆனால் அத்தாள்கள் 2016-லேயே செல்லாதவை ஆகிவிட்டிருந்தன. அதற்குள் அவர் கடன் வாங்கி மகளைக் கட்டிக் கொடுத்திருந்தார். மூன்றாண்டுகள் அவரை ஊரார் பொய் சொன்னவராகவே பார்த்தனர். நாம் சொன்ன சட்டம் தவறல்ல. ஆயினும் அந்த முகம் இன்றும் நம் நினைவைவிட்டு அகலவில்லை.

பெரியவர் பணத்தை ஒளித்ததில் குற்றமில்லை. பணத்தோடு சேர்த்து அதன் விவரத்தையும் ஒளித்துவிட்டார். அதில்தான் பிசகு நேர்ந்தது.

ஒளித்து வைப்பது கூடுமா?

கூடும், பாதுகாப்பது கடமையுங்கூட. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கும்படிப் பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்ததைத் திர்மிதியில் காண்கிறோம். ஸூரத்துல் கஹ்ஃபில் வரும் வரலாற்றைப் பாருங்கள். ஓர் ஊரில் சாய்ந்து விழவிருந்த சுவரை ஹிழ்ரு (அலை) அவர்கள் கூலி வாங்காமல் நிமிர்த்தினார்கள். அதன்கீழ் இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குரிய புதையல் இருந்தது. அவர்களுடைய தந்தை ஸாலிஹானவர் என்று திருமறை சொல்கிறது. திருட்டுக்கான தண்டனையைப் பேசும்போதும், பொருள் தக்க காவலில் வைக்கப்பட்டிருந்ததா என்று ஃபிக்ஹு நூல்கள் முதலில் கேட்கின்றன. இதற்கு ‘ஹிர்ஸ்’ என்று பெயர். பணத்தைப் பத்திரப்படுத்துவது உரிமையாளரின் பொறுப்பு என்பது இதனால் விளங்கும்.

தங்கத்தையும் வெள்ளியையும் சேமித்துப் பதுக்குவோரைத் திருமறை கடுமையாக எச்சரிக்கவில்லையா என்று சிலர் கேட்கலாம். அவ்வெச்சரிக்கை ஜகாத்துக் கொடுக்கப்படாத பொருளைப் பற்றியது என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் விளக்கியுள்ளார்கள். ஜகாத்துக் கொடுத்த பொருள் மண்ணுக்கடியில் இருந்தாலும் அது பதுக்கல் ஆகாது. கொடுக்காத பொருள் கண்ணெதிரே மேசைமேல் கிடந்தாலும் அது பதுக்கலே!

எங்கே வைப்பது?

திருடன் முதலில் தேடுவது பீரோ, மெத்தை, தலையணை, துணி அடுக்கு ஆகியவற்றைத்தான். பீரோவைப் பூட்டிச் சாவியை அதன் தலைமேலேயே வைப்பது பூட்டாததற்குச் சமம். அரிசிப் பானையும் பருப்பு டப்பாவும் பெண்கள் காலங்காலமாக வைக்கும் இடங்களே; அவை திருடனுக்கும் தெரியும்.

திருடனைவிட வீட்டுக்குள்ளேயே இருக்கும் பகைகள் பல. கரையான், எலி, ஈரம், அடுப்பு நெருப்பு ஆகியவை அவற்றுள் சில. மரப் பெட்டியிலோ, மண் தரையை ஒட்டியோ, ஒழுகும் பரணிலோ தாள் பணம் தங்காது. மூடியுள்ள இரும்பு அல்லது எவர்சில்வர் டப்பாவில், உலர்ந்த இடத்தில், தரையைவிட்டு உயர்த்தி வையுங்கள். முழுத் தொகையையும் ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டாகப் பிரித்து வையுங்கள். சுவிட்சுப் பெட்டிக்குள் ஒருபோதும் செருகாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து. பழைய புடவை மடிப்பிலும் பழைய பத்திரிகைக் கட்டிலும் வைத்த பணம், வைத்தவருக்கே நினைவில்லாமல் பாத்திரக்காரனிடமும் பழைய பேப்பர்க்காரனிடமும் போய்விடுகிறது. சிலர் முஸ்ஹபின் ஏடுகளுக்கிடையே பணத்தைச் செருகுகிறார்கள். பரக்கத்து என்று எண்ணிச் செய்தாலும் இறைவேதத்தைப் பணப்பை ஆக்குவது அதன் கண்ணியத்துக்குத் தகாது. அதைத் தவிர்ந்துகொள்ள வேண்டும்.

கரையான் அரித்த தாளை அழுதுகொண்டே குப்பையில் போடுவோரும் உண்டு. போட வேண்டாம்! ரிசர்வ் வங்கியின் விதிப்படி 50 ரூபாயும் அதற்கு மேலுமுள்ள தாளில் ஒரே துண்டாக 80 விழுக்காட்டுக்கு மேல் மிஞ்சியிருந்தால் முழு மதிப்பும், 40 முதல் 80 விழுக்காடு வரை இருந்தால் பாதி மதிப்பும் கிடைக்கும். அதற்கும் குறைந்தால் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் உண்டு. தாள் பணத்தின் மதிப்பு அரசாங்க அறிவிப்பில் நிற்கிறது. 1978 ஜனவரியில் 1000, 5000, 10000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாயின. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்களுக்கு அதே கதி. வங்கியில் செலுத்த டிசம்பர் 30 வரைதான் தவணை. கணவருக்கும் தெரியாமல் வைத்திருந்த சிறுவாட்டை அன்று எத்தனையோ பெண்கள் வெளியே எடுக்க நேர்ந்தது. 2023 மே மாதம் 2000 ரூபாய்த் தாள்கள் திரும்பப் பெறப்படும் என்று அறிவித்தபோதும், வங்கிகளில் மாற்ற அக்டோபர் 7 வரையே தவணை இருந்தது. ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒரு முறையேனும் டப்பாவைத் திறந்து பாருங்கள். பெருந்தொகையை வீட்டில் வைக்கவே வேண்டாம். வட்டிக்கு அஞ்சி வங்கிப் பக்கமே போகாதவர்களுக்கு, வட்டி சேராத நடப்புக் கணக்கு உண்டு என்பதை நினைவூட்டுகிறோம்.

பிறர் பணம் நம் வீட்டில் இருந்தால்

அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான். ஹிஜ்ரத்தின்போது, தம்மை ஊரைவிட்டு விரட்டிய மக்காவாசிகளின் பொருள்களைக் கூடத் திருப்பிக் கொடுப்பதற்காகப் பெருமானார் (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களைப் பின்னே விட்டுச் சென்றார்கள்.

அமானிதப் பணத்தை நம் பணத்தோடு கலந்துவிடக் கூடாது. தனியாக முடிந்து, பெயரெழுதி வைக்க வேண்டும். தக்க இடத்தில் வைத்திருந்து நம் கவனக்குறைவின்றித் தொலைந்தால் ஈடு செய்யும் கடமை நம்மீது இல்லை. அலட்சியமாக வைத்தாலோ, அனுமதியின்றி எடுத்துச் செலவிட்டாலோ, பிரித்தறிய முடியாதபடி கலந்தாலோ பொறுப்பு நம் கழுத்தில் ஏறிவிடும்.

அமானிதம் வைத்திருந்தவர் அதைப் பற்றி எவருக்கும் அறிவிக்காமல் மௌத்தாகி, அது இன்னதென்று அறிய முடியாமற் போனால், அது அவர் விட்டுச் சென்ற சொத்தின்மீது கடனாக மாறிவிடும் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். பரண்மேல் டின் கிடைத்தபோது அந்தப் பிள்ளைகள் ஓடிவந்து, “செல்லாத நோட்டுத்தானே ஹஜரத், இதையே குடுத்தாப் போதுமா?” என்று கேட்டார்கள். “தம்பி, சீட்டு டின்னுக்குள்ள இருந்துச்சு, டின் இருக்கிற இடம் யாருக்கும் தெரியலியே. அது வாப்பாவோட கடன்தான்” என்றோம். மறுநாளே 40,000 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்து, மன்னிப்பும் கேட்டார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத்துச் செய்வானாக!

ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் வரலாறு புகாரியில் இருக்கிறது. மக்கள் அவர்களிடம் பணத்தைக் கொடுத்து வைக்க வருவார்கள். அவர்களோ, தொலைந்துவிட்டால் கொடுத்தவருக்கு நட்டமாகுமே என்றஞ்சி, அமானிதமாக வாங்காமல் கடனாகவே வாங்கிக்கொள்வார்கள். ஹிஜ்ரி 36-இல் ஜமல் போர் நாளன்று தம் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அழைத்து, கடனைத் தீர்க்கும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். கணக்கிட்டபோது 22 இலட்சம் இருந்தது! அனைத்தையும் தீர்த்த பின்னும் மகனார் சொத்தைப் பங்கிடவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலந்தோறும், தந்தையிடம் வர வேண்டியது இருப்போர் வரலாம் என்று அறிவித்த பிறகே பங்கிட்டார்கள். சொல்லி வைத்த தந்தையும், தேடிக் கொடுத்த மகனும் நமக்கு முன்மாதிரிகள்.

ஒளித்த பணத்துக்கு ஜகாத்து

ஜகாத்துக் கணக்கெடுக்கும்போது வங்கிப் பணத்தையும் கடைச் சரக்கையும் எழுதுகிறோம். பானைக்குள் இருப்பதை விட்டுவிடுகிறோம். நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்தால் அதற்கும் நூற்றுக்கு இரண்டரை உண்டு. வெள்ளியின் நிஸாப் 612 கிராமுக்குச் சற்று மேல்.

வைத்த இடம் மறந்து பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்தால்? ‘ஹிதாயா’ எனும் சட்ட நூல் இதனைப் பிரித்துக் கூறுகிறது. வனாந்தரத்தில் புதைத்து இடம் மறந்துபோன பொருளுக்குக் கடந்த ஆண்டுகளின் ஜகாத்து இல்லை. வீட்டுக்குள் புதைத்து மறந்ததற்கு ஜகாத்து உண்டு; ஏனெனில் நான்கு சுவருக்குள் தேடி எடுப்பது எளிது. மறதி ஒரு சாக்காகாது என்பதைக் கவனியுங்கள்.

சிறுவாடு யாருடையது?

மனைவியின் மஹரும், பெற்றோர் கொடுத்ததும், அவள் சம்பாதித்ததும் அவளுக்கே சொந்தம். கணவன் கை வைக்க உரிமையில்லை. ஆனால் வீட்டுச் செலவுக்கென்று கணவன் கொடுத்ததில் மிச்சம் பிடித்தது, அவன் மனமொப்பி அவளுக்கு விட்டுக் கொடுக்காதவரை அவனுடையதே. இது தெளிவாகாமல் ஒருவர் மௌத்தானால் வாரிசுப் பங்கே குழம்பிவிடும். ஆகவே, “மிச்சம் புடிச்சது உனக்குத்தான்” என்று ஒரு வார்த்தை கணவர் இன்றே சொல்லிவிடட்டும்.

மௌத்தானவரின் வீட்டில் பின்னால் பணம் கிடைத்தால் அது கண்டெடுத்த பிள்ளைக்குச் சொந்தமன்று. பத்தாண்டு கழித்துக் கிடைத்தாலும் கடன், வஸிய்யத்து ஆகியவை போக, மனைவிக்கு எட்டில் ஒன்று உட்பட எல்லா வாரிசுகளுக்கும் பங்கிட்டே ஆகவேண்டும்.

எழுதி வையுங்கள்

வஸிய்யத்துச் செய்ய வேண்டிய பொருளுள்ள முஸ்லிம், அதனை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது எனும் கருத்தில் ஹதீஸ் வந்துள்ளது. இதைக் கேட்ட நாள் முதல் வஸிய்யத்து தம்மிடம் இல்லாமல் ஓர் இரவும் கழிந்ததில்லை என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் சொன்னார்கள்.

ஒரு தாள் போதும். அதில் மூன்று விவரங்கள் இருக்கட்டும். ஒன்று, நம் பணம் எவ்வளவு, எங்கே இருக்கிறது. இரண்டு, பிறர் பணம் யாருடையது, எவ்வளவு, எங்கே இருக்கிறது. மூன்று, நாம் கொடுக்க வேண்டியதும் நமக்கு வரவேண்டியதும். தேதியும் கையொப்பமும் இட்டு, இரண்டு சாட்சிகளையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் பணத்தோடு வைக்காதீர்கள்! உறையிலிட்டு ஒட்டி, மனைவியிடமோ, மூத்த மகளிடமோ, நம்பத் தகுந்த உறவினரிடமோ கொடுத்து வையுங்கள். உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. உறை இருப்பது தெரிந்தால் போதும். பணம் இடம் மாறினால் தாளும் மாறட்டும். பிறரிடம் பணம் கொடுத்து வைப்போரும் கூச்சப்படாமல் ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். கேட்டு வாங்குவது அவநம்பிக்கை அன்று, இறைக்கட்டளை.

இன்றிரவு இஷாத் தொழுதுவிட்டு, உறங்கப் போகுமுன் அந்த ஒரு தாளை எழுதிவிடுங்கள். நாம் மௌத்தான மூன்றாம் நாள் ஏதேனும் ஓர் ஏழைப் பெண் நம் வாசற்படியில் வந்து நின்றால், அவருக்காக நம் கையெழுத்து பேசட்டும்.

பிறர் உரிமை நம் கழுத்தில் இல்லாத நிலையில் தன்னைச் சந்திக்கும் நற்பேற்றை அல்லாஹு தஆலா நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.