கிட்டாருக்கு மாற்று நெக்: வாங்குவதா, செய்வதா?

1950-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் செய்த எலெக்ட்ரிக் கிட்டாரில் நெக் ஒட்டப்படவில்லை, திருகாணியால் முடுக்கப்பட்டது. டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைகளில் நெக் முறுக்கிக்கொண்டால் நான்கு திருகைக் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம் என்பது அதனால்தான். லெஸ் பால் போல ஒட்டிய நெக் என்றால் கைதேர்ந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எந்த நெக் என்பதைப் பிராண்டு தீர்மானிப்பதில்லை, அளவுதான் தீர்மானிக்கிறது. நட்டின் முன்விளிம்பிலிருந்து 12-ஆவது ஃபிரெட்டின் முகடு வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள், அதுதான் ஸ்கேல். பிரிட்ஜ் வரை நேராக அளந்தால் கணக்கு தப்பும், சேடில்கள் சுருதிக்காகச் சற்றுப் பின்னே தள்ளியிருக்கும். 324 மி.மீ. வந்தால் ஸ்கேல் 648, அதாவது இருபத்தைந்தரை அங்குலம். ஜாகுவார், மஸ்டாங் கிட்டார்களுக்கு 24 அங்குலம்தான்; அவற்றில் ஸ்ட்ராட் நெக்கைப் பூட்டினால் ஃபிரெட்டுகள் சுருதி பேசாது. அடுத்து உடலில் உள்ள குழி: ஃபெண்டர் அளவில் அகலம் சுமார் 56 மி.மீ., ஆழம் சுமார் 16. ஸ்ட்ராட்டுக்கு நெக்கின் அடிமுனை வளைவு, டெலிக்குச் சதுரம். மலிவான நகல்களில் இவை மாறும் என்பதால் டேப்பை நம்பாமல் வெர்னியரால் அளங்கள்.

அளவு பொருந்தினால் ஆயத்த நெக்கையே வாங்குங்கள். விரலுக்கு இதமான தளர்ச்சி வேண்டுவோருக்கு வார்மத் போன்றவர்கள் விற்கும் 24¾ அங்குல கன்வெர்ஷன் நெக் உண்டு. பிரிட்ஜை நகர்த்த வேண்டாம். அதே கம்பி, அதே சுருதியில் இழுவிசை சுமார் 6 சதவீதம் குறையும். கம்பியை வளைத்து வாசிப்பவர்களுக்கு இதை மனமாரச் சொல்வேன்.

குழி ஒழுங்கற்றதாக இருந்தால்தான் சொந்தமாகச் செய்வதற்கு நியாயம் இருக்கிறது. அப்போதும் ட்ரஸ் ராட் பதித்து, ஃபிரெட் வெட்டுகள் போட்ட அரைகுறை நெக்கிலிருந்து தொடங்குவது நல்லது. அடிப்பகுதியை மட்டும் உங்கள் குழிக்கு இழைத்தால் போதும். முழுக்கச் செய்தே தீருவேன் என்பவர்கள் 648-ஐ 17.817-ஆல் வகுக்க வேண்டும்: முதல் ஃபிரெட் நட்டிலிருந்து 36.37 மி.மீ. மீதியை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்த இடைவெளி. ஆனால் மரத்தில் குறிக்கும்போது ஒவ்வொரு கோட்டையும் நட்டிலிருந்தே அளங்கள். ஃபிரெட்டுக்கு ஃபிரெட் அளந்து போனால் சின்னச் சின்னப் பிசகு சேர்ந்து மேல் ஃபிரெட்டுகளைக் கெடுத்துவிடும். நெக்குக்கு மேப்பிள், விரற்பலகைக்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம், உலகமெங்கும் இந்தியன் ரோஸ்வுட் என்று கேட்டு வாங்குவது இதைத்தான்.

எந்த வழியில் வந்த நெக்கானாலும் துளை போட அவசரம் வேண்டாம். கிளாம்பால் இறுக்கிவிட்டு முதல் கம்பியையும் ஆறாம் கம்பியையும் மட்டும் கட்டி, இரண்டும் பலகையின் ஓரங்களிலிருந்து ஒரே தூரத்தில் ஓடும்வரை நெக்கை மெல்ல நகர்த்துங்கள். பிறகு குறித்து, 3.2 மி.மீ. பிட்டால் துளைத்து, திருகில் மெழுகு தடவி முடுக்குங்கள்.