எஞ்சிய மின்மாற்றிக்கு ஏற்ற ஒலிபெருக்கி

காரியம் இருந்து கருவி இல்லாமையும், கருவி இருந்து காரியம் இல்லாமையும் உலகியலிற் காணப்படுவன. முன்னையதைக் குறித்து வருந்துவோர் பலர். பின்னையதைக் குறித்து எண்ணுவோர் சிலரே. எஞ்சிக் கிடக்கும் கருவியொன்று எவ்வேலைக்கு உரியதென ஆராய்ந்து தெளிதலும் ஒரு கல்வியேயாம். பழைய வால்வு ரேடியோவொன்றினின்று எஞ்சிய மின்மாற்றிக்கு ஏற்ற ஒலிபெருக்கி யாதென யாம் ஆராய்ந்து கண்ட முறையை ஈண்டு எடுத்துரைப்பாம். தமிழ் பயிலும் மாணவர்க்கு மின்னியலில் என்ன வேலை என்பார்க்கு, அளவறிந்து பேசுதல் எல்லா நூற்கும் பொது என்பதே எம் விடை.

இவ்வாராய்ச்சிக்குச் சென்னை மாநகரின் வரலாற்றிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1924-ஆம் ஆண்டிற் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியாற் சென்னை மாகாண ரேடியோக் கழகம் தோன்றிற்று. 40 வாட்டு ஆற்றலுடைய சிறிய கருவியைக்கொண்டு அக்கழகத்தார் ஒலிபரப்பத் தொடங்கினர். பொருள் முட்டுப்பாட்டால் 1927-இற் கழகம் தன் பணியை நிறுத்த நேர்ந்தது. நின்றுபோன அவ்வொலிபரப்புக் கருவி சென்னை நகராண்மைக் கழகத்தாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர்கள் 1930-இல் அப்பணியை மீண்டும் தொடங்கி, 1938-இல் அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் அமையுங்காறும் நடத்தி வந்தனர். எஞ்சிய கருவியைப் பழைய இரும்பென ஒதுக்காது அதற்குரிய வேலையைக் கண்டவர்கள், ஒரு நகரத்திற்கே பாட்டுக் கேட்கும் பேற்றைப் பெருக்கினர் என்க.

இனி எம் மின்மாற்றியின் செய்திக்கு வருவாம். அடையாற்றின் கரையில், பல்லாவரத்தை யடுத்துள்ள அனகாபுத்தூர், 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாக உள்ளது. மேற்கு ஆப்பிரிக்காவிற்குச் சென்ற சென்னைக் கைக்குட்டைத் துணிகளுக்கும், பின்னர் வாழைநார் முதலிய இயற்கை நார்கள் கலந்த சேலைகளுக்கும் பெயர்பெற்ற நெசவூர் அது. ஆண்டு நெசவாளராகிய பெரியவர் ஒருவரது தறிக்கூடத்தில் ஐந்து வால்வு ரேடியோவொன்று பல்லாண்டு பாடிப் பின் ஓய்ந்திருந்தது. மரப்பெட்டியைக் கறையான் அரித்துவிட்டது. ஏனைய உறுப்புக்கள் துருவேறிப் பழுதாயின. மின்மாற்றி மட்டும் பிழைத்திருந்தது. அதனை எம்மிடம் தந்த பெரியவர், “இது எங்கள் வீட்டில் ரொம்ப நாள் உழைத்தது, தம்பி. மறுபடி பாடினாற் போதும்” என்றார்.

எமக்கும் எம் தோழர்க்கும் உடனே எழுந்த ஆசையோ பெரிது. கிறிஸ்து பிறப்பு விழாவின் முன்னிரவுகளில் தெருத்தோறும் கீதம் பாடுவார்க்குப் பயன்படும்படி, இரண்டு ஆற்றல் வால்வுகள் ஒன்றையொன்று மாற்றி இழுக்கும் 10 வாட்டுக் கருவியொன்று செய்வோமெனப் படமும் வரைந்துவிட்டோம். அதனைக் கேட்ட பெரியவர், “பாவு எவ்வளவு நீளம் என்று பாராமலே எத்தனை சேலை நெய்யலாமென்று சொல்லுவார் உண்டா, தம்பி?” என்று வினவினார். யாம் நாணினோம். படத்தை மடித்து வைத்துவிட்டு, அளவுகோலைக் கையிலெடுத்தோம். அம்மாற்றி எரிந்துபோமாயின் அதற்கு ஈடாகக் கொடுக்க எம்மிடம் யாதும் இல்லை என்பதும் அப்பொழுதுதான் உறைத்தது.

முதலாவது, சுற்றுக்களை அறிதல். குறியீடு அழிந்த மின்மாற்றியில் எக்கம்பி எச்சுற்றுக்குரியதென ஓம்மானியால் அறியலாம். வால்வுகளின் இழையைச் சூடாக்கும் சுற்று தடித்த கம்பியாலாயதாகலின் ஓர் ஓமிற்கும் குறைவாகக் காட்டும். வீட்டு மின்சாரத்தை ஏற்கும் முதற்சுற்றுப் பத்துக்கணக்கில் ஓம் காட்டும். உயரழுத்தச் சுற்று மெல்லிய கம்பியாலாயதாகலின் நூற்றுக்கணக்கிற் காட்டும். எம்மாற்றியின் முதற்சுற்று 40 ஓம் காட்டிற்று. பின்னர், 40 வாட்டு விளக்கொன்றைத் தொடராக இணைத்து, வழிச்சுற்றுக்களை வெறுமையாக விட்டு மின்சாரம் செலுத்துதல் வேண்டும். விளக்கு ஒருகணம் மின்னி அடங்குமாயின் மாற்றி நலமுடையது. விடாது ஒளிருமாயின் உள்ளே சுற்றுக்கள் ஒட்டிவிட்டன, அதனைக் கைவிடுதலே நன்று. எம் விளக்கு அடங்கிற்று. விளக்கை நீக்கி 230 வோல்ட்டில் நேரே இணைத்து அளந்தபோது, உயரழுத்தச் சுற்று நடுக்கம்பியின் இருபுறமும் 270 வோல்ட்டும், இழைச்சுற்று 6.8 வோல்ட்டும் காட்டின. சுமையின்றி அளந்த அளவு சுமையேற்றியபின் குறையும். ஆதலின் இவற்றை 250 எனவும் 6.3 எனவும் கொண்டோம்.

இரண்டாவது, தாங்கும் வலியை அறிதல். இதற்கு வழிகள் இரண்டு. இரும்புத் தகடுகளின் நடுநாக்கினது அகலத்தையும் அடுக்கின் தடிப்பையும் பெருக்கிவந்த சதுர சென்டிமீட்டரை 1.15-ஆல் வகுத்து, வந்த ஈவை அதனாலேயே பெருக்கினால், 50 சுழற்சி மின்சாரத்தில் அம்மாற்றி தாங்கும் வோல்ட்டாம்பியர் ஏறத்தாழக் கிடைக்கும். எம் மாற்றியின் அகலம் 2.6, தடிப்பு 3 சென்டிமீட்டர், பெருக்கம் 7.8, ஈவு 6.78, வலி 46 வோல்ட்டாம்பியர். மற்றொரு வழி, அம்மாற்றி முன்னர் யாரைச் சுமந்ததென வினவுதல். ரேடியோவின் வால்வுகள் ஈ.சி.எச். 81, ஈ.எப். 89, ஈ.ஏ.பி.சி. 80, ஈ.எல். 84, ஈ.இசட். 80 என்பன. இவற்றின் இழைகள் முறையே 0.3, 0.2, 0.45, 0.76, 0.6 ஆம்பியர் கொள்வன, கூட்டுத்தொகை 2.31 ஆம்பியர், அதாவது 14.6 வாட்டு. உயரழுத்தத்தில் அவையெல்லாம் ஏறத்தாழ 75 மில்லியாம்பியர் கொண்டிருத்தல் வேண்டும். 260 வோல்ட்டில் இது 19.5 வாட்டு. ஆயினும் நேர்மின்னாக்கும் வால்வின்பின் கொள்கலம், அதாவது கண்டென்சர், அமைந்தவிடத்து, மின்சாரம் ஒழுகிச் செல்லாது துடிப்புத் துடிப்பாகவே இழுக்கப்படும். அதனாற் சுற்றுக்குச் சூடு மிகும். ஆகவே அவ்வாட்டை 1.6-ஆற் பெருக்கிக் கொள்ளல் தகும், வருவது 31. இழையின் பங்கையுங் கூட்ட 46 ஆகின்றது. இரும்பு கூறிய சான்றும் பழைய வேலை கூறிய சான்றும் ஒத்தமையின், மாற்றியின் வலி இதுவெனத் துணிந்தோம்.

மூன்றாவது, வேலையைத் தேர்தல். எம் ஆசைக்குரிய கருவி, ஈ.எல். 84 இரண்டுடையது. முல்லார்டு நிறுவனத்தார் 1950-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ‘5–10’ என்னும் புகழ்பெற்ற அமைப்பும் இவ்வால்வு இரண்டைக் கொண்டதே. ஐந்து வால்வு, பத்து வாட்டு என்பது அப்பெயரின் பொருள். 250 வோல்ட்டில் இவ்விரண்டும் முழு ஓசையின்போது 90 மில்லியாம்பியர் கொள்ளும். முன்னிலை வால்வையுங் கூட்ட 92. இழைகட்கு 15 வாட்டும், உயரழுத்தத்திற்கு 38-உம் ஆக 53 வோல்ட்டாம்பியர் வேண்டும். மாற்றியின் வலியோ 46. அன்றியும் ஈ.இசட். 80 வால்வு 90 மில்லியாம்பியருக்கு மேல் தருதற்குரியதன்று. ஈ.எல். 34 என்னும் பெரிய வால்வோ ஒன்றே 1.5 ஆம்பியர் இழைமின்சாரமும், உயரழுத்தத்தில் 100 மில்லியாம்பியருக்கு மேலும் வேண்டும்; அதனை எண்ணவும் இடமில்லை.

ஈ.எல். 84 ஒன்றும், ஈ.சி.சி. 83-இற் பாதியும் கொள்வோமாயின் கணக்கு யாதாகும்? ஆற்றல் வால்வின் ஆனோடு 48 மில்லியாம்பியர், திரைக்கிரிட் 5.5, முன்னிலை வால்வு 1. ஆக ஏறத்தாழ 55. இழைகள் 1.66 ஆம்பியர், 10.5 வாட்டு. உயரழுத்தத்தின் பங்கு 24. கூட்டுத்தொகை 35-இற்குள் அடங்கும். நான்கிலொரு பங்கு வலி மாற்றியிடம் எஞ்சி நிற்கும். சென்னையின் சித்திரை வெயிலில் அவ்வெச்சம் வீணன்று. முல்லார்டு நிறுவனத்தாரின் ‘3–3’ என்னும் மூன்று வால்வுச் சிற்றமைப்பும் இவ்வினத்தைச் சார்ந்ததே. ஈ.எல். 84 இக்காலத்தும் ருஷியாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் செய்யப்படுதலின், பழுதுற்றால் மாற்றுதற்கும் தடையில்லை.

அற்றேல், 10 வாட்டு வேண்டுமென்றார்க்கு 5 வாட்டு எங்ஙனம் அமையுமெனின், கூறுவாம். ஆற்றல் இருமடங்காயினும் செவிக்கு ஓசை இருமடங்காவதில்லை. மூன்று டெசிபெல்லே மிகும். ஒரு வாட்டிற்கு 90 டெசிபெல் தரும் ஸ்பீக்கரை நீக்கி 93 தருவதை வைப்பின், அதே பயன் செலவின்றிக் கிட்டும். ஆகவே வாட்டைப் பெருக்க மாற்றியை வருத்துவதினும், ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தல் அறிவுடைமை. இதனை யறிந்தபின் எம் தோழரது மனக்குறையும் நீங்கிற்று.

நான்காவது, பிழைக்கு இடமாவன. யாமும் ஓரிடத்துப் பிழைக்கப் பார்த்தோம். வால்வினால் நேர்மின்னாக்குவதை விடுத்துச் சிலிக்கன் டயோடு இரண்டு வைத்தால் இழைமின்சாரம் மிஞ்சுமே யென எண்ணினோம். 250 வோல்ட்டின் உச்சி 353. டயோடிற் குறைவு மிகச் சிறிதாதலின், சுமையின்போதும் ஏறத்தாழ 330 நிற்கும், ஈ.எல். 84 ஆனோடின் எல்லையோ 300. ஈ.இசட். 80 வால்வு தன்னுள்ளேயே சிறிது அழுத்தத்தை இழப்பதால், வெளியீட்டு மாற்றியின் இழப்பும் கழிந்து வால்விற்கு ஏறத்தாழ 250 எய்தும். குறையென யாம் எண்ணியதே ஈண்டுக் காவலாயிற்று. கதோடில் வைக்கும் தடை, 7.3 வோல்ட்டை 53.5 மில்லியாம்பியரால் வகுக்க வரும் 136. வழக்கில் 135 ஓம். வெளியீட்டு மாற்றி 5,200 ஓமை 8 ஓமிற்கு இணைக்க வேண்டுதலின், அதன் சுற்றுவிகிதம் ஏறத்தாழ 25-க்கு 1. எஞ்சிக் கிடக்கும் வேறொரு மின்மாற்றியை அவ்விடத்து வைக்கலாகாது. ஒற்றை வால்வின் நேர்மின்சாரம் இடைவெளியில்லா இரும்பை நிறைத்துவிடுமாகலின் தாழ்ந்த சுரங்கள் கெடும்.

இவ்வேலையிற் புகுவோர் மறவாதிருக்கத் தக்கது ஒன்றுண்டு. 300 வோல்ட்டு நேர்மின்சாரம் உயிரைக் கொள்ளவல்லது. இணைப்பை நீக்கிய பின்னரும் கண்டென்சர் அதனை ஏந்தி நிற்கும். கண்டென்சருக்குக் குறுக்கே 2,20,000 ஓம் தடையொன்றை நிலையாக வைத்தலும், தொடுமுன் அளந்து பார்த்தலும், முதற்சுற்றில் பியூஸ் வைத்தலும், உலோகத் தட்டை நிலத்தோடு இணைத்தலும், தனியே இருந்து இவ்வேலை செய்யாமையும் கடமைகளாம்.

இறுதியாக, தேர்வு. கருவியை இரண்டு மணிநேரம் பாடவிட்டு, இணைப்பை நீக்கிய உடனே முதற்சுற்றை அளந்தோம். 40 ஓம் 46 ஆயிருந்தது. செப்பின் தடை ஒரு பாகைக்கு நூற்றுக்கு 0.39 வீதம் ஏறும். நூற்றுக்கு 15 ஏறினமையின் சூடு 38 பாகை மிகுந்ததென்பது தெளிவு. கோடையின் 40 பாகையோடு கூட்டினும் 78. பழைய காகிதக் காப்புடைய சுற்றுக்கள் தாங்கும் எல்லையாகிய 105-இற்கு அது வெகுதூரம். ஏட்டிலிட்ட கணக்கு இரும்பிலுஞ் செம்பிலும் மெய்யாயிற்று.

ஒரு மாலைப்பொழுதிற் கருவியை அத்தறிக்கூடத்திற் கொண்டுபோய் வைத்தோம். நாழி ஓடிக்கொண்டிருக்கையிற் பாட்டு மெலிதாகவே கேட்டது; பெரியவர் தறியை நிறுத்தினார்; கூடம் முழுவதும் பாட்டு நிறைந்தது. அவர் மின்மாற்றியின்மேற் கையை வைத்துப் பார்த்து, “பழைய சூடுதான்” என்றார். தெருக் கீதத்திற்கோ, எம் தோழர் கருவியின்றித் தம் குரலாலேயே பாடுவதென முடிவு செய்தனர்.

வள்ளுவனார் வலியறிதலென ஓர் அதிகாரம் வகுத்தது அரசர்க்கு மட்டுமன்று. கோபுரங் கட்டப் புகுவோன் முன்னர்ச் செலவெண்ண வேண்டுமென்னும் நற்செய்தி உவமையும், தாலந்தைப் புதைத்து வைத்தவனைக் கடிந்த உவமையும் நற்செய்தி நூல்களிலேயே உள்ளன. கருவியைப் புதைத்தலும் பிழை. அதன் வலிக்கு மேல் ஏற்றுதலும் பிழை. இவ்விரண்டிற்கும் நடுவிலுள்ள வழியை எமக்குக் காட்டியது, பாவின் நீளத்தைப் பற்றி ஒரு நெசவாளர் கேட்ட கேள்வியே.