பதிவேட்டில் நிற்கும் பெயர்கள்

வணிகவியல் மாணவர்களாகிய நாம் 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தைத் தேர்வுக்காகப் படிக்கிறோம். பதிவு கட்டாயமன்று என்ற வரி எல்லோருக்கும் மனப்பாடம். பதிவு செய்தபின் அதைப் பேணும் பிரிவுகளைத்தான் பக்கம் புரட்டிவிடுகிறோம். கடைத்தெருவில் குடும்பங்களை அலைக்கழிப்பவை அந்தப் பிரிவுகளே என்பது என் கருத்து.

நிறுவனத்தின் பெயர், தொழில் நடக்கும் இடங்கள், கூட்டாளிகளின் பெயர், முகவரி, அவர்கள் சேர்ந்த நாள் முதலியவற்றைக் குறித்து, அனைவரும் கையொப்பமிட்டுப் பதிவாளரிடம் அளித்தால் பதிவு முடிந்தது. தமிழ்நாட்டில் இது பதிவுத்துறையின் பணி. காலந்தோறும் புதுப்பிக்க வேண்டிய நகராட்சி உரிமம் போன்றதன்று இது. ஒருமுறை பதிந்தால் நிற்கும். சிக்கலும் அதில்தான் உள்ளது. புதுப்பிக்கும் நாள் என ஒன்று இல்லாததால் நினைவூட்டுவாரும் இல்லை. கடை இடம் மாறும், ஒருவர் விலகுவார், மருமகன் சேர்வார். பதிவேடோ பழைய பெயர்களோடே இருக்கும். இம்மாற்றங்களைத் தெரிவிக்கும் வழியை 60 முதல் 63 வரையுள்ள பிரிவுகள் கூறுகின்றன.

தெரிவிக்காவிட்டால் என்ன? 69-ஆம் பிரிவைப் பாருங்கள். ஒப்பந்தத்தால் வரவேண்டிய பணத்துக்காக வெளியார்மீது வழக்குத் தொடுக்க, நிறுவனம் பதிவு பெற்றிருந்தால் மட்டும் போதாது. வழக்காடுவோரின் பெயர்களும் பதிவேட்டில் காணப்பட வேண்டும். 1989-இல் ஸ்ரீராம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் – யாசின் கான் வழக்கில், வழக்குத் தொடுத்த நாளில் இருந்த கூட்டாளிகள் பதிவேட்டில் காட்டப்படாமையால் வழக்கு நிலைக்காது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. கடன் உண்மையானதே என்றாலும் வழக்கு வாசலிலேயே நின்றுவிடுகிறது.

விலகியவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. எங்கள் தெருவில் மூவர் கூட்டாக இரும்புக் கடை நடத்தினர். மூத்தவர் தம் பங்கைப் பெற்று, முத்திரைத்தாளில் விடுதலை எழுதிக்கொடுத்துவிட்டு உழவுக்குத் திரும்பினார். பொது அறிவிப்பு ஏதுமில்லை. பின்னர் கடைக்கு வந்த சரக்கின் பாக்கிக்காக வெளியூர் வணிகர் தொடுத்த வழக்கில் அவரும் ஒரு பிரதிவாதி. "நான் வெலகி ரெண்டு வருஷம் ஆச்சே, தம்பி!" என்று பத்திரத்தை என்னிடம் காட்டினார். அந்தப் பத்திரம் மூவருக்குள் செல்லும். அவரைக் கூட்டாளி என்று அறிந்து சரக்குக் கொடுத்தவரிடம் அது செல்லாது. பொது அறிவிப்புத் தரும்வரை பொறுப்பு நீடிக்கும் என்கிறது 32-ஆம் பிரிவு. பதிவு பெற்ற நிறுவனமாயின் பதிவாளருக்குத் தெரிவிப்பதோடு அரசிதழிலும், அவ்வட்டாரத்தில் உலவும் தாய்மொழி நாளிதழ் ஒன்றிலேனும் வெளியிட வேண்டும். அந்தச் சிறு விளம்பரத்தின் செலவு வழக்கறிஞரின் முதல் நாள் கட்டணத்துக்கு ஈடாகுமா?

இனி நம்மைத் தொடும் செய்தி. தந்தையின் நிறுவனத்தில் 'இளவர்' என்ற முறையில் ஆதாயத்துக்கு மட்டும் சேர்க்கப்பட்டவர்கள் நம் வகுப்பிலும் இருக்கக்கூடும். இளவராக இருக்கும்வரை பங்குக்கு மட்டுமே ஆபத்து. தனிச் சொத்துக்கு இல்லை. 18 வயது நிறைந்த நாளிலிருந்து, அல்லது தாம் சேர்க்கப்பட்டதை அறிந்த நாளிலிருந்து, இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து ஆறு மாதத்துக்குள், கூட்டாளி ஆவதா இல்லையா என்பதைப் பொது அறிவிப்பால் தெரிவிக்க வேண்டும். வாய்மூடி இருந்தால் 30-ஆம் பிரிவின்படி அவர் கூட்டாளியே. அதுவும் அன்றுமுதல் அன்று. ஆதாயத்துக்குச் சேர்க்கப்பட்ட நாள்முதல் ஏற்பட்ட கடன்களுக்கெல்லாம் தனிப்பொறுப்பு வந்து சேரும். பட்டம் வாங்குமுன்பே கடன் வாங்கியவர் ஆகிவிடலாம்!

ஐயமுள்ளவர்கள் தந்தையாரிடம் கூட்டாண்மைப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பதிவேட்டையும் உரிய கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம், சான்றிட்ட நகலும் பெறலாம். பதிவாளருக்குத் தெரிவித்தது வரித்துறைக்குத் தானே போய்ச் சேராது. சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவில் கூட்டாளிகளின் மாற்றத்தைப் பதினைந்து நாளுக்குள் தனியே தெரிவிக்க வேண்டும்.