பயிர்க்காவலும் துவக்கும்

கமக்காரர்களே,

நெற்கதிர் பால் பிடிக்கும் காலத்திலும், மரவள்ளி, வற்றாளை, கச்சான், சோளம் ஆகியன முற்றும் காலத்திலும் காட்டுப்பன்றிகள் கூட்டமாக வயல்களிலும் தோட்டங்களிலும் இறங்குகின்றன. அவை தின்பதிலும் பார்க்க மிதித்தும் கிளறியும் அழிப்பதே அதிகம். ஒரு போகம் முழுவதும் குடும்பத்தார் பட்ட பாட்டினை ஓரிரவில் இழந்தவர் துவக்கொன்றை நாடுவது வியப்பன்று. ஆயினும், அது எத்தகைய துவக்கு, யார் கையில் இருப்பது என்பவற்றை ஆராய்ந்த பின்னரே அம்முயற்சியில் இறங்குதல் வேண்டும்.

சட்டம் கூறுவது

இலங்கையில் துவக்கு வைத்திருத்தல் எவருக்கும் பிறப்புரிமையன்று. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அனுமதியே அது. பயிரைக் காக்கும் பொருட்டுத் துவக்கு வேண்டுவோர் மாவட்டச் செயலகத்தில் விண்ணப்பித்தல் வேண்டும். அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளுதல் அவசியம். அது குறித்த ஒருவருக்கும் குறித்த ஒரு துவக்குக்குமே உரியது. ஆகையால், அயலவர் கேட்டார் என்று மண்வெட்டியை இரவல் கொடுப்பதுபோலத் துவக்கைக் கொடுத்தலாகாது. உரியவர் இறந்துவிடின், பிள்ளைகள் அதனைத் தாமாகவே வைத்திருந்து பாவித்தலும் ஆகாது.

“பத்திரம் கிடைக்கும்வரை பன்றி காத்திருக்குமா?” எனச் சிலர் வினவுவர். அவ்வினாவில் நியாயம் உண்டு. குறிப்பாக வடக்கிலும் கிழக்கிலும், 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின் காலத்தில், அனுமதி பெற்றிருந்த துவக்குகள் பலவும் கமக்காரர் கையை விட்டுப் போயின. பயிர் அழிந்த பின்னர் விண்ணப்பிப்பதாற் பயனில்லை. விதைப்புக்கு நெடுநாள் முன்னரே, கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் இதனை எடுத்துப் பேசி, பொறுமையும் நிதானமும் உள்ளவர்களைத் தெரிந்து, அவர்கள் விண்ணப்பிக்க உதவுதல் நன்று. ஒரு வயல்வெளிக்கு வீடுதோறும் துவக்குத் தேவையில்லை.

கட்டுத்துவக்கின் கேடு

அனுமதி கிடைக்காதபோது சிலர் இடியன் துவக்கைப் பன்றி செல்லும் வழியிற் கட்டிவைக்கின்றனர். இதனினும் கொடியது பிறிதில்லை. கையிலுள்ள துவக்கைச் சுடுபவர், எதிரே வருவது பன்றியா மனிதனா எனப் பார்த்துச் சுடலாம். கட்டுத்துவக்குக்குக் கண் இல்லை. இரவில் வாய்க்காலில் நீர் திருப்பச் செல்பவர், மாடு தேடிப் போகும் சிறுவன், விறகு பொறுக்கும் பெண், கட்டியவரின் சொந்த மகன் ஆகிய எவர் இடறினாலும் அது வெடிக்கும். பன்றியின் உயரத்துக்குக் கட்டப்படுவதால் மனிதருக்குக் காலிலேயே காயம் உண்டாகிறது. எலும்பு நொறுங்கி, இரும்புத் துண்டுகளும் மண்ணும் புண்ணுட் புகுந்து, ஈற்றிற் காலையே இழக்க நேரிடலாம். ஒரு காலை இழந்த கமக்காரர் சேற்றில் இறங்குவது எங்ஙனம்?

பூசணி முதலிய உணவினுள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் ‘ஹக்கபட்டாஸ்’ எனும் வெடியும் இத்தகையதே. பன்றிக்கென வைத்ததை யானைக்கன்று கடித்து, வாய் சிதைந்து, உண்ண முடியாது பல நாள் வருந்திச் சாகின்றது. 2023ஆம் ஆண்டில் இந்நாட்டில் 400இற்கும் மேற்பட்ட காட்டு யானைகள் இறந்தன. துவக்குச் சூடும், இவ்வெடியும், மின்சாரமும் யானைகளின் இறப்புக்கு முக்கிய காரணங்களாம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானையைப் பாதுகாக்கின்றது. காயம்பட்ட யானை மூர்க்கங்கொண்டு திரிவதால், ஊராருக்கும் ஆபத்து மிகும்.

அனுமதி பெற்றோர் கைக்கொள்ள வேண்டியவை

1. இலக்கு இன்னதெனத் தெளிவாகத் தெரியும்வரை சுடவேண்டாம். ரோச் வெளிச்சத்தில் இரு கண்கள் மின்னுவது மட்டும் போதாது. அது கட்டாக்காலி மாடாகவும் இருக்கலாம்.

2. இலக்கின் பின்னால் குடிசை, பாதை, வேறொருவரின் காவற்பரண் உண்டா எனப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. காவலுக்குப் போகுமுன் பக்கத்து வயற்காரருக்கு அறிவியுங்கள். அன்றிரவு நீர் திருப்புபவர் யாரெனக் கேட்டறியுங்கள்.

4. மது அருந்தியவர் துவக்கைத் தொடலாகாது.

5. வீடு திரும்புமுன் தோட்டாவைக் கழற்றுங்கள். துவக்கை ஓரிடத்திலும் தோட்டாவை வேறோரிடத்திலும் பூட்டி வையுங்கள். குடும்பச் சச்சரவோ மனவேதனையோ மிக்க நேரத்தில் எளிதில் எட்டும் துவக்கு உயிரைக் குடித்துவிடும்.

துவக்குக்கு முன் செய்யத்தக்கவை

வயலை அடுத்த பற்றைகளை வெட்டி வெளியாக்குங்கள். பகலிற் பன்றி படுத்திருக்கும் இடம் அதுவே. வயல்வெளி முழுவதும் ஒரே காலத்தில் விதையுங்கள். முந்தியும் பிந்தியும் விளையும் தனி வயலே பெருஞ்சேதத்துக்கு ஆளாகும். பனைமட்டை கிடைக்கும் இடங்களில் வேலியை நெருக்கமாக அடையுங்கள். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியிற் பாய்ச்சுதல் கட்டுத்துவக்குக்கு நிகரான குற்றமும் ஆபத்துமாகும். கதிர் பால் பிடிக்கத் தொடங்கியதும் முறைவைத்துக் காவல் இருங்கள். பத்துப் பேர் முறைக்காவல் செய்யின், ஒருவருக்குப் பத்து நாளுக்கு ஓரிரவே விழிக்க வேண்டிவரும். யானையாற் சேதம் நேர்ந்தால், தாமதியாது கமநல சேவை நிலையத்துக்கு அறிவித்து, காப்புறுதி பற்றிக் கேட்டறியுங்கள்.

உங்கள் வயலில் இன்று கட்டுத்துவக்கு ஏதும் கட்டப்பட்டிருப்பின், அல்லது அயலில் உள்ளதென நீங்கள் அறிந்திருப்பின், அவ்வழியில் எவரும் போகாதவாறு எச்சரித்து, உடனே பொலிசாருக்கு அறிவியுங்கள். அழிந்த பயிரை அடுத்த போகத்தில் மீண்டும் விதைக்கலாம்.