உழவு மாட்டின் களைப்பை அளத்தல்

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தை, நியூட்ரினோ ஆய்வுக்கூடத்திற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராகவே பலரும் அறிவர். கண்ணுக்குப் புலப்படாத துகளையும் அளக்க முனையும் காலம் இது. அத்தகைய மலையடிவாரத்துப் புன்செயில் ஏர் இழுக்கும் காளையின் களைப்பையும் அளக்கலாம் என்பதை அறியாதோர் நம்மில் உளர்.

அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்து எனத் தத்வார்த்த சூத்திரம் கூறும். கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. நான்காவதைக் குறித்தே இங்கு ஆராய்கிறோம். அந்த 'அளவு' யாது? வாயில்லாச் சீவன் தானாக உரைக்காது. அது படுத்துவிட்ட பின் அறிவதோ காலங்கடந்த அறிவு.

உபாத்யாய, மதன் என்னும் இந்திய ஆய்வாளர் இருவர் 1985இல் இதற்கென ஒரு மதிப்பெண் அட்டை வகுத்தனர். குறிகள் எட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரை மதிப்பெண், ஆக 40. மூச்சு, நாடி, உடல் வெப்பம் ஆகிய மூன்றும் எண்ணால் அறியப்படுவன. வேலைக்கு முன், மாடு நிழலில் நிற்கும்போதே இவற்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். மூச்சை விலாவின் ஏற்ற இறக்கத்தாலும், நாடியை வாலின் அடிப்புறத்தில் விரல் வைத்தும், வெப்பத்தை ஆசனவாயில் வைக்கும் வெப்பமானியாலும் அறியலாம். பின்னர், மூச்சு நிமிடத்திற்குப் பதினைந்து கூடுந்தோறும் ஒரு மதிப்பெண்; நாடி பத்துக் கூடுந்தோறும் ஒன்று; வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் ஏறுந்தோறும் ஒன்று.

எஞ்சிய ஐந்தும் கண்ணால் காணத்தக்கவை: வாய் நுரைத்தல், கால்கள் ஒத்து நடவாமை, மிரட்சி, நடை தளர்தல், நாக்கு வெளித்தள்ளல். நுரை அரும்பினால் ஒன்று; வாய் முழுதும் நுரைத்தால் ஐந்து. காலடி சற்றே ஒழுங்கு தவறுவது முதல் நிலை. அடிக்கடி குளம்பை இழுத்து வைப்பது இடைநிலை. அசையவே இயலாது நிற்பது இறுதி. மொத்தம் 20ஐ எட்டினால் மாடு களைத்துவிட்டது. ஏரை அவிழ்த்துவிட வேண்டும். நாக்கு முழுதும் தொங்கிய பின்னரே இரங்கும் நம் வழக்கம் எத்துணைப் பிற்பட்டது என்பது இவ்வட்டையைக் கண்டால் விளங்கும்.

வண்டி மாடுகளுக்குச் சட்டமும் உண்டு. மத்திய அரசின் 1965ஆம் ஆண்டு விதிகளின்படி, நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேலும் அவற்றைப் பூட்டலாகாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. நல்ல விதிதான். ஆயினும் கடிகாரம் மாட்டுக்கு மாடு வேறுபாடு அறியாது. இளைத்ததும் நோயினின்று மீண்டதும் அவ்வரம்பிற்கு வெகு முன்னரே களைத்துவிடக்கூடும். ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டில் வலியதன் கணக்கைக் கொண்டு மெலிந்ததை ஓட்டலாகாது. தனித்தனியே எண்ணுதல் வேண்டும்.

அவிழ்த்த பின்னும் எண்ணிக்கை உதவும். நிழலும் நீரும் தந்து, மூச்சும் நாடியும் காலையில் குறித்த அளவிற்குத் திரும்பும் வரை மாட்டை மீண்டும் பூட்டாதிருத்தல் நலம்.